கழுவிவிட்ட வண்டி

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தத் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஷாம்பு என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடக் கைகாட்டும். எந்த வண்டி வந்தாலும் முதலில் எஞ்சினைக் கழுவித் துடைத்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பான் என்பதால் டயர்க் கடைக்காரர் வைத்த பெயர் அது. "நெஞ்சு வலின்னு போய் நின்னாலும் முதல்ல குளிச்சுட்டு வாம்பான் இவன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஷாம்பு அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆயில் ஒழுகும் வண்டியைப் பொறுத்தவரை அவன் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. மேலே கசிகிற ஆயில் காற்றில் பின்னால் ஓடி, வழிந்து, சம்பந்தமில்லாத ஒரு மூலையில் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து வேலையை ஆரம்பிக்கிற அவசரக்குடுக்கைகள் கியர் பாக்ஸையே கழற்றி இறக்கிவிட்டு, கடைசியில் கோளாறு எஞ்சினின் மேல்மூடியில் இருந்தது என்று தலையைச் சொறிவார்கள். இவன் டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி, காற்றடித்து உலர்த்தி, முகத்துக்குப் பூசுகிற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவுவான். பிறகு எஞ்சினை ஓடவிட்டு டார்ச்சோடு காத்திருப்பான். வெள்ளைப் பவுடரில் முதல் ஈரக்கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் கசிவு. கழுவாத எஞ்சின் பொய் சொல்லும் என்பது அவன் கட்சி.

அந்த வாரம் மட்டும் அந்த வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தான். பக்கத்துக் கொட்டகை வெல்டருக்காக.

வெல்டரின் மனைவி ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். விடிகாலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவளை, இருட்டு பிரியாத நேரத்தில், ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சாலையோரப் பள்ளத்தில் கிடந்தவளைப் பால் வண்டிக்காரர் பார்த்தபோது நன்றாக விடிந்திருந்தது. அப்போதும் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதற்குள் போய்விட்டது. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அந்தப் புண்ணியவான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெல்டர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான்.

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது. இடித்ததைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. நசுங்கிய சைக்கிளும், அதற்கப்பால் தார்ச்சாலையில் வரிசையாக விழுந்த ஆயில் சொட்டுகளும்தான் மிச்சம். வெல்டர் அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து போனான். பெரிய சாலையில் ஏறியதும் அத்தனை வண்டிச் சக்கரங்களில் அவை காணாமல் போயின. திரும்பி வந்து ஷாம்புவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அந்த வண்டிக்கு அடியில அடிபட்டு ஆயில் ஒழுகுது. எவன்கிட்டயாச்சும் ரிப்பேருக்கு வந்துதானே ஆகணும்? உங்ககிட்ட வந்தா கழுவிடாதீங்கண்ணே. எனக்கு ஒரு சத்தம் குடுங்க."

"எவன் வண்டியா இருந்தாலும் அடியில ஒரு தடவை பாக்காம தண்ணி படாது தம்பி. இது சத்தியம்" என்றான் ஷாம்பு.

சொன்னபடியே செய்தான். வந்த வண்டிகளையெல்லாம் பட்டறையின் குழிமேல் நிறுத்தி, அடியில் இறங்கி, டார்ச் அடித்துத் தேடிப் பார்த்தான். ஒரு வாத்தியார், தன்னைக் கொலைகாரன் மாதிரிப் பார்க்கிறான் என்று கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போனால் போகட்டும் என்று விட்டான்.

மாப்பிள்ளையின் வண்டி வந்தபோது மட்டும் அவனுக்கு அந்த நினைப்பே எழவில்லை.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். வாடகைக்கு ஓட்டுகிற பழைய டீசல் கார் ஒன்று அவர்களுக்குச் சோறு போட்டது. அது ஒழுகாமல் நின்ற நாளே கிடையாது. "உன் வண்டி நின்ன இடத்துல புல்லு முளைக்காதுடி" என்று தங்கையைக் கேலி செய்வான். மேல்மூடியின் இடுக்கை அடைக்கிற பேக்கிங்கை மாற்றச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். முன்பக்கம் முழுக்க ஒட்டுப்போட்ட தகரம்; எந்தக் காயம் எந்தக் காலத்தது என்று அதைச் செய்த கம்பெனிக்காரனே வந்தாலும் சொல்ல முடியாது. வீட்டு வண்டியை யார் சந்தேகப்படுவார்கள்? நம் வீட்டுச் சோற்றை மோந்து பார்த்துவிட்டா சாப்பிடுகிறோம்?

"வாங்க மாப்பிள்ளை. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"ஒழுகல் ஜாஸ்தியாயிடுச்சு மச்சான். டேஷ்போர்டுல ஆயில் விளக்கு வேற எரியுது. சீக்கிரம் பாத்துக் குடுங்க, சவாரி கெடக்கு."

"தங்கச்சி என்ன, போனே எடுக்க மாட்டேங்கறா?"

"லேசா காய்ச்சல். படுத்திருக்கா."

வழக்கமாகச் சாவியை வீசிவிட்டு ஓடுகிற ஆசாமி, அன்றைக்குக் கூடவே நின்றார். டீசல் வாளியை எடுத்துக் கொடுத்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். பரவாயில்லையே, மனுஷனுக்கு வண்டிமேல் இப்போதாவது அக்கறை வந்திருக்கிறதே என்று ஷாம்பு மனதுக்குள் மெச்சிக்கொண்டான். குழியில் இறங்கி அடிப்பக்கத்தைத் தேய்க்கும்போது குறுக்குச் சட்டத்தில் கறுப்பாக என்னவோ சிக்கியிருந்தது. பிரஷின் காம்பை விட்டு இழுத்தான். எண்ணெயில் ஊறிய துணிக் கிழிசல்.

"என்ன மாப்பிள்ளை, அடியில துணிக்கடை போட்டிருக்கீங்க?" என்று அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தரையில் எறிந்தான். தண்ணீர் அதைச் சாக்கடை வாய்க்கு இழுத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை அந்தச் சப்பை ஜோக்குக்கு ரொம்பவே சிரித்தார். பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

உலர்த்திப் பவுடர் தூவி எஞ்சினை ஓடவிட்டதும் மேல்மூடியின் ஓரம் நனைந்தது. எதிர்பார்த்ததுதான். மூடியைக் கழற்றினான். பேக்கிங் காய்ந்து பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. புதியதைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்கி, குறைந்த ஆயிலை ஊற்றி, மறுபடி பவுடர் போட்டு ஓட்டிப் பார்த்தான். மேலே பொட்டு ஈரமில்லை. ஆனால் குழிக்குள் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. எஞ்சினின் பின்பக்கத்து ஆயில் சீல் போய்விட்டதோ, கியர் பாக்ஸை இறக்க வேண்டுமோ என்று அலுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

கியர் பாக்ஸ் சேருமிடத்தில் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. ஈரக்கோடு முன்னால் இருந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற அலுமினியத் தொட்டி இருக்கிறதே, சம்ப் என்பார்கள், அதன் முன்முகத்தில். துடைத்துவிட்டுப் பார்த்தான். கட்டை விரல் பதிகிற அளவுக்கு ஒரு குழி. குழியிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். அதில் ஆயில் அரும்பி அரும்பிச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்தான். உடைந்த அலுமினியச் சாமான் எதுவானாலும் அந்த மேஜையில்தான் வைப்பான். வெல்டர் வந்து கேட்காமலே எடுத்துப் போய் ஒட்டவைத்துக் கொண்டுவருவான். பழகிய கை, தானாக அங்கே வைத்தது.

வைத்த பிறகுதான் அதை நின்று பார்த்தான். வேகத்தடையில் உரசினால் முன்னுக்கும் பின்னுக்கும் கோடு கோடாக இழுத்திருக்கும். கல் அடித்தால் கொத்திவிட்ட மாதிரி இருக்கும். இது ஒரே குத்து. முனை உருண்டையான இரும்பு ஏதோ நேருக்கு நேர் வந்து குத்திய குழி.

நசுங்கிய சைக்கிளை வெல்டரோடு போய்ப் பார்த்தவன் அவன். ஒரு பக்கப் பெடலில் கட்டை தெறித்துப்போய் இரும்பு அச்சு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஷாம்பு சாக்கடை வாயைத் திரும்பிப் பார்த்தான். துணிக் கிழிசல் நினைவுக்கு வந்தது. பிரஷ் தேய்த்த இடத்தில் கறுப்பு போய் அதில் என்ன நிறம் தெரிந்தது? நீலம். ரொட்டிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் போட்டுக்கொள்கிற மேல்கோட்டு நீலம். ஓடிப்போய்ச் சாக்கடை வாயின் கம்பியைப் பெயர்த்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். சேறு வந்தது, பழைய வாஷர் ஒன்று வந்தது. துணி வரவில்லை. அவனே அடித்துவிட்ட தண்ணீர் அதை எங்கோ கொண்டு சேர்த்திருந்தது.

நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார்.

"எங்க இடிச்சீங்க?"

"வேகத்தடை மச்சான், அந்த..."

"மாப்பிள்ளை, இந்த வேலையில எனக்குத் தலை நரைச்சிருக்கு. எங்கிட்டயே கதை விடாதீங்க."

மாப்பிள்ளை மேஜையைப் பார்த்தார், ஷாம்புவின் சேறு அப்பிய கையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"நான் ஓட்டலை மச்சான்."

"பின்ன யாரு ஓட்டினது?"

"வெளியூர் போயிட்டுத் திரும்பிட்டிருந்தோம். எனக்குக் கண்ணைச் சொக்குச்சு. நான் ஓட்டறேன், நீங்க தூங்குங்கன்னு அவதான் வாங்கி ஓட்டினா. சத்தம் கேட்டு முழிச்சேன். நிறுத்துடின்னு கத்தினேன். அவ நிறுத்தலை."

பொய், பெண்டாட்டி தலையில் பழியைப் போடுகிறான் என்றுதான் ஷாம்பு முதலில் நினைத்தான். அறைந்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. போனை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் போனான். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான், இதே காரில், பக்கத்தில் உட்கார்ந்து. சுவர் குறுக்கே வந்தாலும் சரி, நாய் வந்தாலும் சரி, முதலில் பிரேக்கை மிதி, அப்புறம் யோசி என்று சொல்லிச் சொல்லி. அவள் அப்படிச் செய்திருக்கமாட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் போலீசுக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

இந்தத் தடவை அவள் எடுத்தாள்.

"நீயாடி ஓட்டினே?"

 அவள் பதிலுக்குக் கேட்டாள்: "வண்டியைக் கழுவிட்டியாண்ணே?"

அவன் சேறு அப்பிய தன் கையைப் பார்த்தான்.

"சொல்லுண்ணே. கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்."

மறுபக்கத்தில் அவள் பெருமூச்சு விட்டாள். அடக்கிவைத்திருந்த பாரமெல்லாம் இறங்கிய பெருமூச்சு. எத்தனையோ முறை அவன் அவள்மேல் கோபப்பட்டிருக்கிறான், மறுநாளே மறந்தும் இருக்கிறான். அந்தப் பெருமூச்சை அவனால் பொறுக்க முடியவில்லை.

"உசிரு இருந்துச்சுடி அவளுக்கு. விடியற வரைக்கும் இருந்துச்சு."

"கண்ணாடியில பாத்தேன்ணே. கை அசைஞ்சுது." அவள் அழ ஆரம்பித்தாள். "பயமா இருந்துச்சுண்ணே. நிறுத்தினா எல்லாம் போயிடும்னு பயம். அவ யாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நான்தான் அவரை உங்கிட்ட அனுப்பினேன். வேற பட்டறையில யாரும் வண்டியைக் கழுவமாட்டாங்க, நீ கழுவிடுவே. நம்ம வண்டின்னா நீ பாக்கக்கூட மாட்டே. நீ இருக்கேங்கற தைரியம்தான்ணே எனக்கு."

அவன் போனை அணைத்தான். தங்கை தன்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. சிறு வயதில் எந்தத் தப்புச் செய்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிவாள். அடி இவன்மேல் விழும். இப்போதும் அப்படித்தான் வந்து ஒளிந்திருக்கிறாள்.

முன்பக்கம் வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

"வெல்டர் வந்தான். எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார் மாப்பிள்ளை. உதடு வெளுத்திருந்தது. "நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வகையில நல்லதாப் போச்சு மச்சான். அவன் கையாலயே அடைச்சுட்டான்னா அப்புறம் யாரு வந்து என்ன கேக்கப் போறாங்க?"

ஷாம்பு அவரை அடிக்கவில்லை. அதற்கு நேரமில்லை.

இத்தனை நாளாகப் பூட்டிக் கிடந்த கொட்டகை திறந்திருந்தது. வெல்டர் சம்பைக் கவிழ்த்துவைத்து கேஸ் நெருப்பால் சூடுகாட்டிக்கொண்டிருந்தான். அலுமினியம் குடித்த ஆயிலைப் புகையாக விரட்டினால்தான் ஒட்டு பிடிக்கும். சவரம் செய்யாத முகத்தில் கண் உள்ளே போயிருந்தது. ஷாம்புவைப் பார்த்ததும் நெருப்பை அணைத்தான்.

"கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்ணே. வீட்டுல உக்கார முடியல. எதைப் பாத்தாலும் அவளாத்தான் தெரியுது. கைக்கு ஒரு வேலை இருந்தா தேவலைன்னு வந்தேன், நல்ல வேளையா மேஜையில இது இருந்துச்சு."

"ம்."

"முதல்ல பாத்தப்ப எனக்கே திக்குனு ஆயிடுச்சு. அடியில அடிபட்ட சம்பு. அப்புறம் நானே என்னைத் திட்டிக்கிட்டேன். அதுவா இருந்தா அண்ணன் என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டாரான்னு." அவன் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "யாரு வண்டிண்ணே?"

"தெரிஞ்சவங்க வண்டி" என்றான் ஷாம்பு.

வெல்டர் தலையாட்டிவிட்டு கிரைண்டரை எடுத்தான். விரிசலைக் கீறி அகலமாக்கி, சுற்றுப்புறத்தைச் சமனாகத் தேய்த்தால்தான் ஒட்டு உள்ளே இறங்கும். அந்தத் தேய்ப்பில் குழி போய்விடும். குழி போனால் எதுவும் இல்லை. துணி சாக்கடையில் போயிற்று, ரத்தமோ மயிரோ இருந்திருந்தால் அதையும் இவனே டீசல் போட்டுத் தேய்த்து அனுப்பியாயிற்று. இதுவும் போனால் தங்கை பிழைத்தாள். ஷாம்பு ஒன்றும் செய்ய வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும். செத்தவள் திரும்பி வரப்போவதில்லை, இருக்கிறவளையாவது காப்பாற்றக்கூடாதா என்று மனசு வக்கீல் பேச்சுப் பேசியது. அவனும் நின்றான். நின்றான் என்பதை மறைக்க வேண்டாம்.

கிரைண்டர் சுழன்றது. அலுமினியத்தில் பொறி பறக்காது. வெள்ளித் தூள் கிளம்பி வெல்டரின் மடியில் விழுந்தது. அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு, சிரத்தையாக, ஒரு நல்ல வேலைக்காரன் செய்கிற மாதிரி, விரிசலின் வால் பக்கத்திலிருந்து குழியை நோக்கித் தேய்த்துக்கொண்டு போனான். தன் பெண்டாட்டியைக் கொன்றவளின் தடயத்தைத் தானே அழிக்கிறோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

ஷாம்பு பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"தேய்க்காதே தம்பி."

"ஏண்ணே?"

"அதைப் போலீஸ் பாக்கணும்."

வெல்டர் கையில் கிரைண்டரோடு அவனைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான். மெதுவாக விரலைக் கொண்டுபோய் அதில் வைத்தான். சூடு இன்னும் ஆறியிருக்காது. விரலை எடுக்கவில்லை.

"யாரு வண்டி?" அண்ணே என்று சொல்லவில்லை.

"என் தங்கச்சி வண்டி. அவதான் ஓட்டியிருக்கா."

"அடியில பாத்தீங்களா? கழுவறதுக்கு முன்னாடி?"

"பாக்கலை தம்பி. நம்ம வண்டின்னு விட்டுட்டேன். துணி ஒண்ணு இருந்துச்சு, அதையும் தூக்கிப் போட்டுட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். வெல்டர் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சம்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தான். "சுடும் தம்பி, கீழ வை" என்று ஷாம்பு பக்கத்தில் போனதற்கு, கையை நீட்டி அங்கேயே நில் என்று காட்டினான்.

"போலீசுக்கு நீங்க பேசுங்க" என்றான். "நான் இல்ல. நீங்களே பேசுங்க."

ஷாம்பு போனைக் காதில் வைத்தான். யாரோ ஒருவர் எடுத்து, என்ன விஷயம் என்றார். ரொட்டிக் கம்பெனிப் பெண்ணை இடித்த வண்டி என் பட்டறையில் நிற்கிறது, அதைக் கழுவியது நான்தான் என்றான். ஓட்டியது யார் என்று கேட்டார்கள். தங்கையின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை அவளுக்கு வைக்கச் சொல்லி வீட்டில் அடம்பிடித்தவனே அவன்தான்.

அதற்குள் வெல்டர் வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தான். இத்தனை நாளும் வராத அழுகை, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"அங்க என்னங்க ஒரே சத்தமா இருக்கு? ஒண்ணும் காதுல விழலை" என்றது போன் குரல். "பேரை இன்னொரு தடவை சொல்லுங்க."

ஷாம்பு முன்னைவிட உரக்கச் சொன்னான்.